டெங்கு சாம்பிள்களுக்கு நடுவே ஒரு பிஎச்.டி.

கேள்வி: வணக்கம் மேடம். எம்.எஸ்சி. நுண்ணுயிரியல் முடித்து, ஜே.ஆர்.எஃப். (ஆய்வு உதவித்தொகை) வாங்கி, வைராலஜி லேப் ஒன்றில் பிஎச்.டி. சேர்ந்து இரண்டரை வருடம் ஆகிறது. டெங்கு சீசன் வந்தால் காலை 9 மணிக்கு உட்கார்ந்து ராத்திரி 8 வரை ஆர்என்ஏ பிரிப்பது, ஆர்டி-பிசிஆர் (வைரஸின் மரபணுவைத் தேடும் சோதனை) போடுவது, எலைசா (ரத்தத்தில் புரதங்களைத் தேடும் சோதனை) போடுவது, எக்செலில் ஏற்றுவது என்றே போகிறது. கைடு நல்லவர்தான். ஆனால் எப்போதும் புராஜெக்ட், மீட்டிங் என்று அலைகிறார். "டேட்டா சேரட்டும், தீசிஸ் தானாக வரும்" என்கிறார். இதுவரை ஒரு பேப்பர்கூட இல்லை. நான் ஆராய்ச்சியாளராக ஆகிக்கொண்டிருக்கிறேனா, டெக்னீஷியனாக ஆகிக்கொண்டிருக்கிறேனா என்றே புரியவில்லை. வீட்டில் எப்போது முடியும் என்று கேட்கிறார்கள். அண்ணன், இதை விட்டுவிட்டு வங்கித் தேர்வு எழுது என்கிறான். நான் இனி என்ன கற்றுக்கொள்ள வேண்டும்? முடித்தால் என்ன வேலை இருக்கிறது?
பெயர் வெளியிட விரும்பாத வாசகி, தென்காசி மாவட்டம்

பதில்: உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன், அம்மா. முதல் தடவை படித்தபோது உங்கள் கைடு மேல் கோபம் வந்தது. இரண்டாம் தடவை ஒரு வரி கண்ணில் பட்டது: "எக்செலில் ஏற்றுவது". இரண்டு சீசன் டெங்கு டேட்டா உங்கள் கையில் இருக்கிறது. அதற்குரிய சீரம், அதாவது ரத்தத்தின் தெளிந்த நீர்ப்பகுதி, லேபின் மைனஸ் 80 டிகிரி ஃப்ரீசரில் இருக்கும். இது எத்தனை பெரிய சொத்து என்று உங்களுக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. அதனால் வேலைவாய்ப்பு பற்றிக் கடைசியில் பேசுவோம். முதலில் இந்த ஃப்ரீசரைப் பற்றி.

டேட்டா சேர்ந்தால் தீசிஸ் தானாக வரும் என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். 30 வருடமாக இந்தத் துறையில் இருக்கிறேன், அப்படி வந்த ஒரு நல்ல தீசிஸைக்கூட நான் பார்த்ததில்லை. டேட்டாவிடம் நாம் ஒன்றைக் கேட்டால்தான் அது ஒன்றைச் சொல்லும். அதே கிட், அதே சீரம், அதே இயந்திரம். கேள்வி இருந்தால் ஆராய்ச்சி, இல்லாவிட்டால் பரிசோதனை. பரிசோதனையைக் குறைத்துச் சொல்லவில்லை, அதனால்தான் ஒரு குழந்தைக்கு நேரத்தில் சிகிச்சை கிடைக்கிறது. ஆனால் பிஎச்.டி. என்பது அதற்கு மேல் ஒன்றைக் கற்றுக்கொள்ளும் பயிற்சி.

நம் சென்னையிலேயே இதற்கு ஓர் உதாரணம் உண்டு. 1985 கடைசியில், மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியில் செல்லப்பன் நிர்மலா என்ற நுண்ணுயிரியல் முதுநிலை மாணவி தன் ஆய்வுக்குத் தலைப்பு தேடிக்கொண்டிருந்தார். அவருடைய பேராசிரியர் சுனிதி சாலமன், எய்ட்ஸ் கிருமி இங்கே இருக்கிறதா என்று பார்க்கலாமே என்றார். அது வெளிநாட்டு நோய், நம் ஊருக்கு வராது என்று எல்லோரும் நம்பிக்கொண்டிருந்த காலம். நிர்மலாவுக்கும் முதலில் தயக்கம்தான். அப்புறம் துணிந்து இறங்கி, பாலியல் தொழில் செய்ததாகப் பிடிக்கப்பட்டுக் காப்பகத்தில் வைக்கப்பட்டிருந்த பெண்களிடம் ரத்தம் எடுத்தார். சென்னையில் எலைசா வசதி இல்லாததால், பிரித்த சீரத்தைத் தன் வீட்டு ஃபிரிட்ஜில் வைத்திருந்தார். 1986 பிப்ரவரியில் கணவரோடு ராத்திரி ரயிலில் காட்பாடி போய், வேலூர் சி.எம்.சி.யில் ஜேக்கப் ஜான் நடத்திய வைராலஜி துறையில் அவற்றைப் பரிசோதித்தார்கள். ஆறு சாம்பிள்கள் நிறம் மாறின, அதாவது பாசிடிவ்.

எல்லோரும் இந்த இடத்தோடு கதையை நிறுத்திவிடுவார்கள். எனக்கு முக்கியமாகத் தெரிவது அடுத்து நடந்ததுதான். அந்த ஆறு பேரிடமும் மறுபடி ரத்தம் எடுத்தார்கள். அமெரிக்காவுக்கு அனுப்பி, வெஸ்டர்ன் பிளாட் என்ற வேறொரு முறையில் சரிபார்த்தார்கள். அதற்குப் பிறகுதான் இந்தியாவில் எச்.ஐ.வி. இருக்கிறது என்ற செய்தி வெளியே வந்தது. கேட்க யாரும் நினைக்காததைக் கேட்டது ஒன்று, கிடைத்த பதிலைத் தாங்களே முதலில் சந்தேகப்பட்டது இன்னொன்று. வைராலஜியில் பிஎச்.டி. முடித்தவர் என்றால் இந்த இரண்டும் கைவந்திருக்க வேண்டும். மற்றதெல்லாம் போகப் போகப் படிந்துவிடும்.

சரி, உங்கள் எக்செல். அதைத் திறந்து ஒரே ஒரு வேலை செய்யுங்கள். ஆர்டி-பிசிஆரில் பாசிடிவ், ஆனால் என்எஸ்1 எலைசாவில் நெகடிவ். அந்த வரிகளை மட்டும் பிரித்தெடுங்கள். கண்டிப்பாகச் சில இருக்கும். இத்தனை நாள் ரிப்போர்ட்டில் 'டெங்கு பாசிடிவ்' என்று போட்டுவிட்டு அவற்றைக் கடந்து போயிருப்பீர்கள். இப்போது அங்கேயே நில்லுங்கள். வைரஸின் ஆர்என்ஏ ரத்தத்தில் இருக்கிறது, அதே வைரஸ் கொட்டித் தீர்க்கும் என்எஸ்1 புரதம் மட்டும் ஏன் அகப்படவில்லை?

முதலில் பிசிஆரையே சந்தேகப்படுங்கள். சி.டி. மதிப்பு (எத்தனையாவது சுழற்சியில் வைரஸ் தெரிந்தது என்ற எண்; அது கூடக் கூட வைரஸ் குறைவு) 36, 37 என்று விளிம்பில் இருக்கிறதா? அன்றைய ஓட்டத்தில் நெகடிவ் கன்ட்ரோல், அதாவது வைரஸே இல்லாத ஒப்பீட்டுச் சாம்பிள், சுத்தமாக இருந்ததா? பக்கத்துக் குழியில் பலமான பாசிடிவ் ஏதாவது இருந்ததா? இதில் கழிந்தவை போக மிஞ்சுபவைதான் உண்மையான புதிர்.

அடுத்து, காய்ச்சலின் எத்தனையாவது நாள் ரத்தம் எடுத்தது என்று பாருங்கள். பிறகு இது அந்த நோயாளிக்கு முதல் டெங்குவா, இரண்டாவதா என்று ஐஜிஎம், ஐஜிஜி என்ற இரண்டு எதிர்ப்புப் புரதங்களின் அளவுகளைக் கொண்டு பிரியுங்கள். டெங்குவில் நான்கு வகை இருப்பதால் ஒருவருக்கு மறுபடியும் வரும் என்பதும், இரண்டாவது தடவை வரும்போது சிலருக்கு நோய் முற்றுகிறது என்பதும் உங்களுக்குத் தெரிந்ததே. இரண்டாவது தடவையில் பழைய எதிர்ப்புப் புரதங்கள் வேகமாக எழுந்து என்எஸ்1-ஐப் பிடித்துக்கொள்ளும். பிடிபட்ட புரதம் கிட்டின் கண்ணுக்குப் படாது. என்எஸ்1 சோதனை இரண்டாம் தொற்றில் திறன் குறைவதற்கு இது ஒரு காரணம் என்பது தெரிந்த விஷயம். உங்கள் சாம்பிள்களிலும் இதுதான் காரணமா என்று சோதித்துப் பார்க்க வழி இருக்கிறது. சீரத்தில் அமிலம் சேர்த்து அந்தப் பிணைப்பைப் பிரித்து, மறுபடி நடுநிலைக்குக் கொண்டுவந்து, என்எஸ்1 எலைசா போடுங்கள். மறைந்திருந்த புரதம் வெளியே வருகிறதா? வந்தால் ஒரு கதை. வராவிட்டால் கதை இன்னும் சுவாரசியம். அப்போது வைரஸின் என்எஸ்1 மரபணுவை வரிசைப்படுத்திப் பார்க்கலாம். முழு டெங்கு மரபணுத் தொகுதி சுமார் 10,700 எழுத்துகள், என்எஸ்1 பகுதி அதில் ஆயிரத்துச் சொச்சம்தான். ஒரு மாணவி தாங்கக்கூடிய வேலை. கிட்டில் உள்ள எதிர்ப்புப் புரதம் அடையாளம் காணும் இடம் நம் ஊர் வைரஸில் மாறியிருக்கிறதா, நான்கு வகைகளில் எந்த வகையில் அதிகம் தவறுகிறது என்று கேள்விகள் கிளை கிளையாகப் போகும்.

எந்தப் பதில் வந்தாலும் உங்களுக்கு ஒரு அத்தியாயம் கிடைக்கும் என்பதைக் கவனியுங்கள். நல்ல ஆய்வுக் கேள்வியை நான் அடையாளம் காண்பது இப்படித்தான். ஒரே ஒரு பதில் வந்தால்தான் பேப்பர், இல்லாவிட்டால் மூன்று வருடம் வீண் என்ற மாதிரியான கேள்வியை மாணவர் தலையில் கட்டுவது பாவம். இதைக் கைடுகளுக்கும் சேர்த்தே சொல்கிறேன்.

இதைச் செய்துகொண்டே, வைரஸை வளர்க்க உதவும் செல் வளர்ப்பைக் கற்றுக்கொள்ளுங்கள். வைரஸை உயிரோடு கையாளாமல் வைராலஜியில் பட்டம் வாங்கிவிட்டால், அந்தக் குறை பின்னாளில் ஒவ்வொரு நேர்முகத் தேர்விலும் தெரியும். டெங்கு லேப் என்றால் சி6/36 கொசு செல் கட்டாயம் இருக்கும். அதன் பூர்வீகம் நம் நாடு என்று உங்களுக்கு யாராவது சொன்னார்களா? 1967இல் புனேயில், இப்போது தேசிய வைராலஜி நிறுவனம் என்று அழைக்கப்படும் இடத்தில், சிங் என்ற ஆய்வாளர் ஏடிஸ் அல்போபிக்டஸ் கொசுப்புழுவிலிருந்து உருவாக்கிய செல் வரிசை அது. அதிலிருந்து 1978இல் ஜப்பானைச் சேர்ந்த இகராஷி தேர்ந்தெடுத்த ஒரு கிளைதான் சி6/36. இன்று உலகமெங்கும் டெங்கு லேப்களில் அது வளர்கிறது. அந்த ஃபிளாஸ்கைக் கையில் எடுக்கும்போதெல்லாம் எனக்கு உள்ளூர ஒரு பெருமை உண்டு.

கொசு செல்லில் டெங்கு வளரும், ஆனால் பெரும்பாலும் செல் சாகாது. அதனால் வைரஸை எண்ணுவதற்கு வீரோ அல்லது பிஎச்கே-21 என்ற விலங்கு செல்லில் பிளேக் அஸ்ஸே (வைரஸ் செல்களைக் கொன்ற இடங்களை எண்ணும் சோதனை) போட வேண்டும். ஐந்து முதல் ஏழு நாள் காத்திருந்து, கிரிஸ்டல் வயலெட் ஊற்றிக் கழுவினால், ஊதா விரிப்பில் ஓட்டை ஓட்டையாகத் தெரியும். ஒவ்வோர் ஓட்டையும் உயிருள்ள ஒரு வைரஸ் துகளில் தொடங்கியது. பிசிஆர் வைரஸின் மரபணுவை மட்டும்தான் எண்ணுகிறது, அது உயிரோடிருக்கிறதா என்று அதற்குத் தெரியாது. இந்த வேறுபாட்டைப் புத்தகத்தில் படித்திருப்பீர்கள். உங்கள் தட்டில் நீங்களே எண்ணிப் பார்க்கும் நாளில்தான் அது மனசில் இறங்கும். எச்சரிக்கை ஒன்று: நான் மேலே சொன்ன என்எஸ்1 நெகடிவ் சாம்பிள்களில் எதிர்ப்புப் புரதம் நிறைந்திருந்தால் அவற்றிலிருந்து வைரஸை வளர்ப்பது கடினம். காய்ச்சலின் ஐந்தாம் நாளுக்குப் பிறகு எடுத்ததென்றால் இன்னும் கடினம். ஆகவே வளர்ப்புக்கு, முதல் மூன்று நாளுக்குள் எடுத்த, ஒருமுறைகூட உருக்கி உறைய வைக்காத சாம்பிளாகப் பார்த்து எடுங்கள்.

சந்தேகப்படுவதைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். இதை எந்தப் பாடத்திட்டத்திலும் சரியாகக் கற்றுத் தருவதாக எனக்குத் தெரியவில்லை.

நான் பிஎச்.டி. இரண்டாம் வருடத்தில் இருந்தபோது ஒருநாள் என் நெகடிவ் கன்ட்ரோலில் மெல்லிய பட்டை ஒன்று தெரிந்தது. ஜெல் சரியாக ஓடவில்லை என்று நினைத்துக்கொண்டேன். மறுநாள் தெரியவில்லை, நிம்மதியாக மேலே போனேன். மூன்று மாதம் கழித்து, வந்த முடிவுகளில் பாதி ஒன்றுக்கொன்று ஒத்துவராமல் போயின. நாங்கள் பொதுவாகப் பயன்படுத்திய தண்ணீர்க் குப்பியில் பாசிடிவ் கன்ட்ரோல் டிஎன்ஏ கலந்திருந்தது. என் கைடு திட்டவில்லை. சனிக்கிழமை மதியம் என் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, நோட்டுப் புத்தகத்தைப் பக்கம் பக்கமாகப் புரட்டி, "இந்தப் பட்டை தெரிந்த அன்று என்ன நினைத்தாய்?" என்று கேட்டார். மூன்று மாத முடிவுகளைக் குறுக்கே கோடு போட்டு அடித்தோம். அந்த மதியம் எனக்குக் கிடைத்த பயிற்சி அந்த ஐந்து வருடத்தில் வேறெங்கும் கிடைக்கவில்லை. அந்த மெல்லிய பட்டையை நோட்டில் எழுதி வைத்திருந்ததால்தான் எங்கே தொடங்கியது என்று கண்டுபிடிக்க முடிந்தது. அதனால்தான் என் மாணவர்களிடம் நோட்டுப் புத்தகத்தை இத்தனை வற்புறுத்துகிறேன். சரியாக வந்ததை எல்லோரும் எழுதுவார்கள். உறுத்தியதையும் எழுதுங்கள்.

பெரிய லேப்களுக்கும் இது நடக்கும். 2009இல் அமெரிக்காவில், நாள்பட்ட களைப்பு நோயாளிகளின் ரத்தத்தில் எக்ஸ்எம்ஆர்வி என்ற புதிய வைரஸ் இருப்பதாக 'சயின்ஸ்' இதழில் வெளிவந்தது. நோயாளிகளுக்கு எத்தனை நம்பிக்கை வந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். சிலர் எச்.ஐ.வி. மருந்துகளைக்கூடச் சாப்பிடத் தொடங்கினார்கள். மற்ற லேப்கள் தேடியபோது கிடைக்கவில்லை. கடைசியில் தெரிந்தது, மனிதப் புற்றுக்கட்டியை எலிகளில் வளர்த்தபோது லேபுக்குள்ளேயே உருவான வைரஸ் அது. சோதனைப் பொருள்களில் கலந்து பரவியிருந்தது. 2011இல் அந்த இதழே கட்டுரையைத் திரும்பப் பெற்றது. நம் துறையில் ஒரு கலப்படம் நோயாளியின் மருந்துச் சீட்டு வரைக்கும் போய்விடும்.

பாதுகாப்புப் பழக்கமும் இதே குடும்பம்தான். பெரியம்மையால் உலகில் கடைசியாக இறந்தவர் 1978இல் இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் ஒரு பெண்மணி. மருத்துவக் கல்லூரியில் புகைப்படக்காரர். பெரியம்மை வைரஸை வைத்திருந்த லேபுக்கு மேல் மாடியில் அவருக்கு வேலை. அவர் அந்த வைரஸைத் தொட்டதுகூட இல்லை. ராத்திரி எட்டு மணிக்குக் களைத்துப்போய் ஹூட்டை (வைரஸ் வேலை செய்யும் பாதுகாப்புப் பெட்டியை) துடைக்காமல் கிளம்பும்போது மேல் மாடியில் இருப்பவரை நினைத்துக்கொள்ளுங்கள். உண்மையிலேயே கைகள் நடுங்கும் அளவுக்குக் களைப்பு என்றால் அன்றைக்கு வைரஸ் வேலை வேண்டாம், மறுநாள் செய்யலாம்.

இனி உங்கள் கைடு. அவர் நல்லவர் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள், அதை நான் நம்புகிறேன். புராஜெக்ட் இல்லாவிட்டால் கிட் வாங்கப் பணம் இல்லை, அந்த நெருக்கடி அவர் தலையில் இருக்கிறது. ஆனால் புராஜெக்ட்டின் சாம்பிள் எண்ணிக்கை வேறு, உங்கள் தீசிஸ் வேறு. இதை அவரிடம் சண்டையாகக் கொண்டுபோகாதீர்கள், ஒரே ஒரு பக்கமாகக் கொண்டுபோங்கள். மேலே கேள்வி, ஒரே வரியில். கீழே, என்னிடம் ஏற்கெனவே இருக்கும் சாம்பிள் எத்தனை, செய்யப்போவது என்ன, செலவு எவ்வளவு, வாரத்தில் எந்த இரண்டு நாள் எனக்கு வேண்டும். "சார், இதைப் பற்றி 20 நிமிடம் பேச வேண்டும்" என்று நேரம் கேட்டு வாங்குங்கள். காரிடாரில் நடந்துகொண்டே பேச வேண்டாம். அவருடைய புராஜெக்ட்டின் அறிக்கைக்கும் இது உதவும் என்பதைச் சொல்லுங்கள், அது உண்மையும்கூட. ஆறு மாதத்துக்கு ஒருமுறை நடக்கும் டி.சி. (ஆய்வு வழிகாட்டுக் குழு) மீட்டிங்கில் அதே பக்கத்தை வையுங்கள். நிறைய மாணவர்கள் அந்த மீட்டிங்கை ஒரு சடங்காக முடித்துவிடுகிறார்கள். உங்கள் கைடைத் தவிர இன்னும் இரண்டு மூத்தவர்கள் உங்கள் வேலையைப் பார்ப்பதற்கென்றே உட்கார்ந்திருக்கும் நேரம் அது. விடாதீர்கள். பரிசோதனைக்கு என்று வாங்கிய சீரத்தை ஆய்வுக்குப் பயன்படுத்த நெறிமுறைக் குழுவின் அனுமதி வேண்டும், அதற்கு இப்போதே விண்ணப்பியுங்கள். மாதங்கள் இழுக்கும்.

பேப்பர் பற்றி. பிஎச்.டி. வாங்கப் பேப்பர் கட்டாயம் என்ற விதியை யு.ஜி.சி. 2022இல் எடுத்துவிட்டது. உங்கள் பல்கலைக்கழகம் தனியாகக் கேட்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். வேலைக்கும் போஸ்ட்டாக்குக்கும் (பிஎச்.டி.க்குப் பிந்தைய ஆய்வுப் பணிக்கும்) பேப்பர் வேண்டும்தான். ஆனால் நீங்களே கேட்டு நீங்களே விடை தேடிய ஒன்று போதும். பணம் கட்டினால் பத்து நாளில் போடுகிறோம் என்று மின்னஞ்சல் அனுப்பும் இதழ்கள் பக்கம் தயவுசெய்து போகாதீர்கள். அந்தப் பெயர் உங்கள் பயோடேட்டாவில் ஏறினால் இறங்காது. எழுதப் பழகுவதற்கு வேறு வழி சொல்கிறேன். வாரம் ஒரு பேப்பரை எடுத்து, முடிவுரையை மூடிவிட்டு, படங்களை மட்டும் பார்த்து நீங்களே முடிவை எழுதுங்கள். அப்புறம் திறந்து ஒப்பிடுங்கள். முதலில் தமிழில் எழுதினாலும் சரிதான். தெளிவாக நினைத்துவிட்டால் ஆங்கிலம் பின்னால் வந்துவிடும்.

வேலை. எல்லோருக்கும் பேராசிரியர் நாற்காலி கிடைக்காது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அது நம் நாட்டில் மட்டும் இல்லை. ஆனால் வைராலஜி தெரிந்தவருக்குக் கதவுகள் பல. மத்திய அரசின் மருத்துவ ஆராய்ச்சி அமைப்பான ஐ.சி.எம்.ஆர். வழிநடத்தும் வைரஸ் ஆய்வு மற்றும் பரிசோதனை லேப்கள் நாடு முழுக்க நூற்றுக்கும் மேல் இருக்கின்றன. அவற்றில் அறிவியலாளர் பணியிடங்கள் வருகின்றன, சில ஒப்பந்த அடிப்படையில்தான் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். ஹைதராபாத், புனே தடுப்பூசி நிறுவனங்களில் நடுநிலையாக்கல் சோதனை தெரிந்தவர்களைத் தேடுகிறார்கள். சீரத்தை எத்தனை மடங்கு வரை நீர்த்தாலும் அது பிளேக் எண்ணிக்கையைப் பாதியாகக் குறைக்கிறது என்று பார்ப்பதுதான் அது. பிளேக் அஸ்ஸேயை நான் இத்தனை வற்புறுத்தியதற்கு இதுவும் ஒரு காரணம். மரபணு வரிசையைப் படிக்கும் கணினி வேலையும் கற்றிருந்தால் கதவு இன்னும் அகலும். கால்நடை, பயிர் வைரஸ்கள் பக்கமும் பாருங்கள். நம் மாணவர்கள் மனித நோயைத் தாண்டி யோசிப்பதே இல்லை. கோழிக்கும் மரவள்ளிக்கும் வைரஸ் வரத்தானே செய்கிறது? போஸ்ட்டாக் வெளிநாட்டில்தான் என்று கட்டாயமும் இல்லை. பெங்களூரு, திருவனந்தபுரம், ஃபரீதாபாத், புனே என்று இங்கேயே நல்ல வைரஸ் லேப்கள் இருக்கின்றன.

உங்கள் அண்ணன் சொல்வதை நான் தவறு என்று சொல்ல மாட்டேன். ஜே.ஆர்.எஃப்.பில் மாதம் 37,000, அதற்கடுத்த நிலையான எஸ்.ஆர்.எஃப். ஆனதும் 42,000, வீட்டு வாடகைப் படி தனி. அதுவும் சமயத்தில் மாதக்கணக்கில் தாமதமாக வரும். குடும்பத்தில் அந்தக் கவலை இருப்பது நியாயம். ஆனால் எப்போது முடியும் என்ற கேள்விக்கு உங்களிடம் பதில் இல்லாததுதான் வீட்டில் பயத்தை அதிகமாக்குகிறது. அந்த ஒரு பக்கம் தயாரானதும் அதில் மாதங்களைப் போட்டு அண்ணனிடமும் காட்டுங்கள். இந்த டிசம்பருக்குள் இது, அடுத்த ஆண்டு ஜூனுக்குள் அது, அதற்கப்புறம் சினாப்சிஸ் (தீசிஸுக்கு முன் தரும் சுருக்கம்) என்று. தங்கை எங்கேயோ மாட்டிக்கொண்டிருக்கிறாள் என்று நினைப்பவருக்கு, அவள் எங்கே போய்க்கொண்டிருக்கிறாள் என்று தெரிந்தால் பேச்சு மாறும்.

முதலில் அந்த வரிகளைப் பிரித்தெடுத்து, எத்தனை என்று எனக்கு எழுதுங்கள். நாற்பதுக்கு மேல் தேறினால் ஓர் அத்தியாயத்துக்குத் தாராளமாகப் போதும். பத்துக்குள் என்றால் கேள்வியைக் கொஞ்சம் மாற்ற வேண்டியிருக்கும், அதையும் சேர்ந்து யோசிப்போம். கூடவே ஒவ்வொன்றுக்கும் சி.டி. மதிப்பு, காய்ச்சல் நாள், டெங்குவின் எந்த வகை என்ற மூன்று விவரங்களை எழுதுங்கள். நோயாளியின் பெயர், ஊர் எதுவும் வேண்டாம்.